பிள்ளை அடிவாரத்துல, தாய் மலை மேல: கம்பம் பள்ளத்தாக்கின் பால் வரலாறு

ஆகஸ்ட் மாசம் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். 1992-லேர்ந்து கொண்டாடுறாங்க. அரசு ஆஸ்பத்திரி வாசல்ல பேனர் கட்டுவாங்க, நர்சிங் மாணவிகள் அட்டை பிடிச்சுக்கிட்டுப் பேரணி போவாங்க, மைக்ல பேசுற எல்லாரும் "தாய்ப்பாலே சிறந்தது"ன்னு சொல்லுவாங்க. அதை மறுத்துப் பேசின ஒரு ஆளைக்கூட நான் இதுவரைக்கும் பாத்ததில்லை.

எல்லாரும் ஒத்துக்கிற ஒரு விஷயம் ஏன் முழுசா நடக்க மாட்டேங்குது? இதான் என் கேள்வி. "அம்மாக்களுக்கு விழிப்புணர்வு பத்தலை"ன்னு சுலபமா சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா வரலாற்றைப் புரட்டினா வேற கதை தெரியுது. அதை நம்ம தேனிப் பக்கத்தை, குறிப்பா கம்பம் பள்ளத்தாக்கை வெச்சு சொல்லிப் பாக்குறேன்.

(முன்குறிப்பு: நான் மருத்துவர் இல்லை, பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். இது வரலாற்றுப் பதிவு. வைத்திய சந்தேகங்களை டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.)

மாட்டுக்கு ஒரு நியாயம், மனுசிக்கு ஒரு நியாயம்

நம்ம ஊர்ப் பக்கம் மாடு கன்னு போட்டா சீம்பால் அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் போகும். வெல்லமும் ஏலக்காயும் தட்டிப் போட்டு அவிச்சா அந்த ருசிக்கு ஈடே கிடையாது. கன்னுக்குட்டி முதல் பாலைக் குடிக்கலைன்னா தேறாதுங்கிறதும் மாடு வளர்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி.

அதே வீட்ல ஒரு பிள்ளை பிறந்தா? தாயோட முதல் ரெண்டு மூணு நாள் பால் மஞ்சளா, கெட்டியா இருக்கும். "இது தேங்கிக் கிடந்த பால், பிள்ளைக்குச் செரிக்காது"ன்னு பீய்ச்சிக் கீழே விட்டுருவாங்க. இது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை. இந்தியா முழுக்க இருந்தது. ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் டாக்டர்களே அப்படித்தான் எழுதி வெச்சிருந்தாங்க. லண்டன்ல அநாதைக் குழந்தைகளுக்கான ஃபவுண்ட்லிங் ஆஸ்பத்திரிக்காக வில்லியம் கடோகன் என்ற மருத்துவர் 1748-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பிறந்த பிள்ளைக்கு வேற எதையும் ஊத்தாதீங்க, தாய்கிட்டயே விடுங்கன்னார். அங்கே மனசு மாற ஆரம்பிச்சது அந்தக் காலகட்டத்துலதான்.

கன்னுக்குட்டிக்கும் மனுசக் குழந்தைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கன்னுக்குட்டிக்கு நஞ்சுக்கொடி வழியா தாயோட எதிர்ப்பொருள் எதுவும் வராது, எல்லாமே சீம்பால் வழியாத்தான். நமக்கு ரத்தத்துக்கான எதிர்ப்பொருள் கருவிலேயே வந்துரும். ஆனா குடல், மூக்கு, தொண்டை ஓரமாப் படிஞ்சு காவல் காக்குற ஐஜிஏ என்ற வகை இருக்கே, அது பாலில்தான் வருது. அதிலும் முதல் நாட்கள் பாலில்தான் ரொம்ப அதிகம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. அம்மா எந்தத் தண்ணியைக் குடிக்கிறாங்களோ, எந்தத் தெருவுல நடக்குறாங்களோ, அந்த இடத்துக் கிருமிகளை அவங்க உடம்பு அடையாளம் கண்டு, அதுக்கேத்த எதிர்ப்பொருளைப் பாலில் அனுப்புது. கூடலூர்க் கிருமிக்குக் கூடலூர்த் தாய்கிட்டதான் மருந்து. எந்தக் கம்பெனியாலும் இப்படி ஊருக்கு ஊர் தனித்தனியாத் தயாரிக்க முடியாது.

சேனையும் சங்கும்

சீம்பாலைக் கீழே விட்ட அந்த மூணு நாளும் பிள்ளை வாயில என்ன போச்சு? சேனை. வீட்ல நல்ல பேரோட வாழ்ந்த ஒரு பெரியவர் சர்க்கரைத் தண்ணியையோ தேனையோ பிள்ளை நாக்குல தொட்டு வைப்பார். அவர் குணம் பிள்ளைக்கு வரும்னு நம்பிக்கை. "உனக்குச் சேனை வெச்சது யாரு?"ன்னு இன்னைக்கும் பிள்ளைங்க சேட்டை பண்ணினா கேக்குறோம். அப்புறம் உரை மருந்து, கிரைப் வாட்டர், சில வீடுகள்ல சங்குல கழுதைப்பால்.

கழுதைப்பாலைக் கேட்டுச் சிரிக்காதீங்க. பாரிஸ்ல 1880-கள்ல ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியே கழுதைகளை வளர்த்து, தாய்கிட்ட பால் குடிக்க முடியாத பிள்ளைகளை நேரடியா அதுகிட்ட குடிக்க விட்டாங்க. புரதமும் சர்க்கரையும் மனுசப் பாலுக்கு ஓரளவு பக்கத்துல வர்ற பால் அது. பிரச்சினை பாலில் இல்லை. காய்ச்சாம, தெருவுல கறந்து, கழுவாத சங்குல ஊத்துறதுலதான். தேனும் அப்படித்தான். ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாதுன்னு இப்போ சொல்றாங்க. அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமியோட விதைகள் பிள்ளை குடலில் முளைச்சு நஞ்சைக் கக்கும்.

பழசு எல்லாமே தப்புன்னும் முடிவு கட்டிடாதீங்க. நம்ம பாலாடை இருக்கே, அதை இப்போ பச்சிளங்குழந்தை மருத்துவர்களே சிபாரிசு பண்றாங்க. சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குறைமாசப் பிள்ளைக்குப் புட்டியை விடப் பாலாடை மேல். கழுவுறது சுலபம், ரப்பர் காம்பு கிடையாது, அழுக்கு ஒளிஞ்சிக்க மூலை முடுக்கு கிடையாது.

டப்பாப்பால் வந்த கதை

சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே தன் பால்மாவை விற்க ஆரம்பிச்சது 1867-ல். முதல்ல தாயை இழந்த பிள்ளைகளுக்கான மாற்றுன்னு வந்தது, போகப் போக நாகரிகத்தோட அடையாளம் ஆயிடுச்சு. ஆசியாவுக்கு இன்னும் மோசமான வடிவத்துல வந்தது: இனிப்பு போட்ட கெட்டிப்பால் டின். சத்து அதுல பாதி கூட இல்லை, சர்க்கரைதான் நிறைய.

சிங்கப்பூர்ல வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் 1939-ல் அங்கிருந்த ரோட்டரி சங்கத்துல பேசப் போனார். பேச்சுக்கு அவர் வெச்ச தலைப்பு "பாலும் கொலையும்". வந்திருந்தவங்கள்ல பால் கம்பெனி ஆட்களும் உண்டு. நர்ஸ் மாதிரி உடுப்பு போட்ட பொண்ணுங்களை வெச்சு ஏழைத் தாய்மார்கிட்ட டின் பாலைத் தள்ளி விடுறதை அவர் அங்கேயே போட்டு உடைச்சார். நம்ம மக்கள் பெருங்கூட்டமா உழைச்சுக்கிட்டு இருந்த ஊரு அது.

இந்தியாவுக்கு வருவோம். எருமைப்பால்ல இருந்து குழந்தை உணவு செய்ய முடியாதுன்னு வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கிட்டு இருந்தப்போ, மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் அது முடியும்னு காட்டினாங்க. 1960 வாக்கில் அமுல் குழந்தை உணவு கடைக்கு வந்துச்சு. தொழில்நுட்ப ரீதியா பெரிய சாதனைதான், கை தட்டணும். கூடவே "அமுல் பேபி"ங்கிற சொல்லும் தமிழுக்கு வந்துச்சு. கொழுகொழுன்னு இருந்தா டப்பாப்பால் குடிச்ச பிள்ளை, அதுதான் ஆரோக்கியம்னு ஒரு படம் நம்ம மண்டையில ஏறிடுச்சு.

டப்பாவில் இருக்குற மாவு சுத்தமாவே இருக்கலாம். அதைக் கலக்குற தண்ணி? காசு பத்தலைன்னு ஒரு கரண்டிக்குப் பதிலா அரைக் கரண்டி போடுறது? அங்கதான் பிள்ளைகள் வயித்துப்போக்குல போச்சு. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கிற போராட்டம் ஆரம்பிச்சது. 1981-ல் உலக சுகாதார சபை பால்மாவு விளம்பரத்துக்கு எதிரான விதிமுறையை 118 ஓட்டுக்கு 1-ன்னு நிறைவேத்துச்சு. அந்த ஒத்தை எதிர் ஓட்டு அமெரிக்காவோடது.

1992-ல் இந்தியாவும் இதுக்குன்னு ஒரு சட்டம் போட்டுச்சு. அடுத்த முறை மருந்துக்கடைக்குப் போனா பால்மாவு டப்பாவைப் பாருங்க: குழந்தை படம் இருக்காது. விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, அட்டையில் பிள்ளை படமோ தாய் படமோ கூடாதுங்கிறது அந்தச் சட்டம். "அமுல் பேபி"யை அட்டையிலிருந்து இறக்கினது அதுதான்.

நன்மைன்னு எப்படி நிரூபிச்சாங்க?

நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வர்ற நியாயமான சந்தேகம் இது. தாய்ப்பால் குடிச்ச பிள்ளை ஆரோக்கியமா இருக்குன்னா, அது பாலாலயா, இல்லை அந்த வீட்டு வசதியாலயா? குலுக்கல் போட்டுப் பாதிப் பேரைப் "பால் கொடுக்காதே"ன்னு சொல்ல முடியுமா? பாவம்.

பெலாரஸ் நாட்டுல 1996-97-ல் இதுக்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. தாய்களை விட்டுட்டு ஆஸ்பத்திரிகளைக் குலுக்கல் போட்டாங்க. சில ஆஸ்பத்திரிகள்ல ஊழியர்களுக்குத் தாய்ப்பால் ஊக்குவிப்புப் பயிற்சி, மத்ததுல வழக்கம் போல. சுத்தமான ஏ/பி டெஸ்டிங். 17,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். முதல் வருசத்துல வயித்துப்போக்கு மாதிரி குடல் நோய் வந்தவங்க ஒரு பக்கம் 13.2 சதவீதம், பயிற்சி கொடுத்த பக்கம் 9.1 சதவீதம். நல்ல குடிநீரும் ஆஸ்பத்திரியும் இருந்த நாட்டுலயே இவ்வளவு வித்தியாசம்!

குடல் நோய் மட்டும் இல்லை. நிமோனியா, காதுல சீழ், திடீர் சிசு மரணம் எல்லாமே குறையுது. கொடுக்கிற அம்மாவுக்கும் மார்பகப் புற்றுநோய் ஆபத்து குறையுது. உலகம் முழுக்க முறையாத் தாய்ப்பால் கொடுத்தா வருசத்துக்கு 8,23,000 குழந்தைச் சாவுகளைத் தடுக்கலாம்னு 2016-ல் லான்செட் மருத்துவ இதழ் கணக்குப் போட்டுச்சு. முதல் ஆறு மாசம் தண்ணி கூட இல்லாம வெறும் தாய்ப்பால் மட்டும்ங்கிற பரிந்துரையை உலக சுகாதார சபை உறுதி பண்ணினது 2001-ல்.

ஆக, விஞ்ஞானம் தெளிவா இருக்கு. இனிமேதான் நம்ம பள்ளத்தாக்கு.

பால்னா எந்தப் பால்?

இதை எழுதாம தேனிப் பக்கத்துப் பால் வரலாற்றை எழுத முடியாது. 1996-ல் தேனி தனி மாவட்டம் ஆகுறதுக்கு முன்னாடி இதெல்லாம் மதுரை மாவட்டம். 1986-ல் உசிலம்பட்டி வட்டாரத்தைப் பத்தி இந்தியா டுடே அட்டைப்படக் கட்டுரை போட்டப்போதான் வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது: பிறந்த பெண் பிள்ளைக்கு முதல் பாலா கள்ளிப்பால் போகுதுன்னு. தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 1994-ல் எடுத்த "கருத்தம்மா"வோட மையமே அதுதான்.

1992-ல் சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கு விரிவாக்கினாங்க. ஒரு ஊருக்குத் தொட்டில் கொண்டு வந்து வைக்கணும்னா அங்க நிலைமை எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்குங்க.

கள்ளிப்பால் நின்ன பிறகும் ஓரவஞ்சனை நிக்கலை. சீமா ஜெயச்சந்திரன், இலியானா குசியெம்கோன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2011-ல் இந்தியக் குடும்ப நல ஆய்வுத் தரவுகளை அலசினாங்க. பையன்களை விடப் பொண்ணுங்களுக்குச் சீக்கிரமே பால் நின்னுடுது. பொண்ணு பிறந்தா "அடுத்தது பையனாப் பெத்துக்கணும்"னு அவசரம். பால் கொடுக்குறவரைக்கும் கரு தங்குறது தள்ளிப்போகும், அடுத்த கரு தங்கிட்டா பாலை நிறுத்திருவாங்க. அம்மா பாசத்துல குறை இல்லை. அந்த வீட்டுக் கணக்குல குறை.

ஜீப்பு

இப்போ அடிவாரத்துக்கு வாங்க. விடியறதுக்கு முன்னாடி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடின்னு ஊர் ஊரா ஜீப்பு கிளம்பும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியா மலை ஏறி வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு. உள்ள இருக்கிறது பெரும்பாலும் பெண்கள். ஏலக்காய் எடுக்கிறது, களை பறிக்கிறது எல்லாம் அவங்க கைதான். திரும்ப வீடு சேர சாயங்காலம் ஆயிடும். போகவர மலைப்பாதையையும் சேர்த்தா பத்துப் பன்னிரண்டு மணி நேரம்.

நம்ம பெரியவங்க சொல்றது: இறைக்கிற கிணறு ஊறும். தாய்ப்பாலுக்கு இதை விடச் சரியான விளக்கம் கிடையாது. பிள்ளை குடிச்சுக் காலி பண்ணப் பண்ணத்தான் சுரக்கும். தேங்கி நின்னா பாலில் இருக்குற ஒரு புரதமே "போதும், நிறுத்து"ன்னு சுரப்பிக்குத் தகவல் சொல்லிடும். பகல் முழுக்கப் பிள்ளை அடிவாரத்துல, தாய் மலை மேலன்னா என்ன ஆகும்? முதல்ல மார்பு கட்டிக்கும், வலிக்கும். கொஞ்ச நாள்ல குறைய ஆரம்பிக்கும். ராத்திரி விடாம கொடுத்தா ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். பகல்ல அப்பத்தாவோ அம்மாச்சியோ பசும்பாலில் தண்ணி கலந்து ஊத்துவாங்க. அவங்களையும் குறை சொல்ல முடியாது, பிள்ளை அழுதா என்ன பண்ணுவாங்க?

பாலை நிறுத்தவும் நம்மகிட்ட வழி இருந்தது: மார்புல மல்லிகைப்பூ வெச்சுக் கட்டுறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைச் சோதிச்சு, பால் நிறுத்தக் கொடுக்கிற புரோமோகிரிப்டின் மாத்திரையோட ஒப்பிட்டு 1988-ல் கட்டுரையே போட்டாங்க. பூவும் வேலை செஞ்சது. ஊர்ல யாருக்கும் விழிப்புணர்வு இல்லைன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். பால் எப்படி ஊறும், எப்படி வத்தும்னு அந்தப் பெண்களுக்கு நல்லாவே தெரியும்.

சட்டம் இல்லையான்னு கேட்டா, இருந்துச்சு. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை பார்க்கிற தோட்டத்துல பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்கணும்னுச்சு. 1961-ன் மகப்பேறு நலச் சட்டம், பிள்ளைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பால் கொடுக்க வேலைக்கு நடுவுல ரெண்டு இடைவேளை தரணும்னுச்சு. 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் காப்பகமும் இடைவேளையும் இருக்கு.

ஆனா இதெல்லாம் தோட்டத்துக்குள்ளயே லயத்துல குடியிருக்கிற தொழிலாளியை மனசுல வெச்சு எழுதின சட்டம். நம்ம ஆளு தினக்கூலி. இன்னைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு இன்னொண்ணு. 15 பேர் நெருக்கி உக்காந்த ஜீப்புல கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மலை ஏறினாத்தான் அந்தக் காப்பகமே பிரயோஜனம். கூடவே இன்னொரு சிக்கல்: 1956 மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோட போயிடுச்சு. பிள்ளை பேரு தமிழ்நாட்டு அங்கன்வாடி நோட்டுல. தாய் வேலை பார்க்கிற இடம் கேரளத் தொழிலாளர் துறை எல்லையில். பாலூட்டும் இடைவேளை இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ செக்போஸ்ட்ல நிக்குது.

என்ன மாறியிருக்கு?

நிறைய மாறியிருக்கு, இல்லைன்னு சொன்னா அது அநியாயம். 2015 ஆகஸ்ட்ல தமிழ்நாடு பூரா பஸ் ஸ்டாண்டுகள்ல 352 பாலூட்டும் அறைகள் திறந்தாங்க. அதே சமயம் தேனி உள்பட 7 அரசு ஆஸ்பத்திரிகள்ல தாய்ப்பால் வங்கி. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989-ல் வந்தது. அந்த வேலை க.விலக்கு வரைக்கும் வர 26 வருசம். பால் கொடுக்கிற தாயைப் பரிசோதிச்சு, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உறைய வெச்சு, குறைமாசப் பிள்ளைகளுக்குக் கொடுக்குறாங்க. தாய் வேற, பால் தர்றவங்க வேறங்கிறது நமக்குப் புதுசா என்ன? "செவிலி"ன்னா பழந்தமிழ்ல வளர்ப்புத் தாய்தானே. இன்னைக்கு நர்சுக்கு அந்தப் பேரையே வெச்சிருக்கோம்.

பிரசவ காலத்துல கூலி போகுதேன்னு 1987-லேர்ந்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இருக்கு. 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, 2018-ல் 18,000. ஆறு மாசத்துக்குக் கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 100 ரூபாய். மலைக்குப் போற ஒரு பெண்கிட்ட "100 ரூபாய்க்கு ஜீப்பை விட்டுட்டு வீட்டோட இரும்மா"ன்னு சொல்லிப் பாருங்க, என்ன பதில் வருதுன்னு.

இந்தப் பதிவோட சாரம் ரெண்டே எண்கள்லதான் இருக்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் கிடைச்ச பிள்ளைகள் இந்தியாவில் சுமார் 42 சதவீதம். தமிழ்நாட்டுல சுமார் 60. ஆனா ஆறு மாசத்துக்குக் கீழே வெறும் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைகள் இந்தியாவில் சுமார் 64 சதவீதம். தமிழ்நாட்டுல சுமார் 55.

முதல் மணி நேரத்துல ஜெயிக்கிறோம், ஆறு மாசத்துல தோக்குறோம். முதல் மணி நேரம் ஆஸ்பத்திரி கையில இருக்கு. நம்ம மாநிலத்துல கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். பாதிக்குக் கொஞ்சம் கம்மியா சிசேரியன் நடந்தும் செவிலியர்கள் அந்த மணி நேரத்தைக் காப்பாத்திக் கொடுக்குறாங்க. சீம்பாலைக் கீழே விட்ட பழக்கத்தைப் பெருமளவு ஒழிச்சதும் அவங்கதான். அதுக்கப்புறம் வர்ற ஆறு மாசம் வீட்டுக் கையில, கூலிக் கையில, ஜீப்பு நேரத்துக் கையில. அங்க பேனர் வேலை செய்யாது.

அதனால அடுத்த ஆகஸ்ட்ல "தாய்மார்களே, தாய்ப்பால் கொடுங்கள்"னு யாராவது மைக்ல சொன்னா, அந்த வாக்கியத்தைத் தோட்ட முதலாளிக்கும், ரெண்டு மாநிலத் தொழிலாளர் துறைக்கும், உதவித்தொகையை நிர்ணயிக்கிறவங்களுக்கும் திருப்பி விடலாம். தாய்க்கு அது ஏற்கெனவே தெரியும்.

உங்க ஊர்ல சேனைக்கு என்ன பேரு, சீம்பாலை என்ன பண்ணினாங்கன்னு உங்க அப்பத்தா, அம்மாச்சிகிட்ட கேட்டுச் சொல்லுங்க மக்களே. எங்கேயும் எழுதி வைக்காத வரலாறு அது. அவங்க இருக்கும்போதே கேட்டு வெச்சுக்கிறது நல்லது :-)